ரேஞ்சரைத் திட்டிப் பதிவு போட்டேன், ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள்

கேள்வி:

மலையடிவாரத்தில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. இரண்டு மாதத்துக்கு முன்பு சிறுத்தை ஒன்று ஊருக்குள் வந்துபோக ஆரம்பித்தது. எங்கள் வீட்டிலேயே மூன்று ஆடு போனது. வனத்துறையிடம் மனுமேல் மனு கொடுத்தோம். கேமரா மட்டும் மாட்டிவிட்டுப் போனார்கள், கூண்டு வைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் அது ஒரு மாட்டுக்கொட்டகைக்குள் புகுந்து பதுங்கிக்கொண்டது. ஊரே கூடிவிட்டது. இருட்டிய பிறகு மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். வண்டியில் கொண்டுபோகும் வழியிலேயே அது செத்துவிட்டது.

அன்று ராத்திரி ஆத்திரத்தில் ஃபேஸ்புக்கில் எழுதினேன். ரேஞ்சர் ரிசார்ட்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டுதான் கூண்டு வைக்காமல் இழுத்தடித்தார், கடைசியில் கொன்றே போட்டுவிட்டார் என்று அவர் பெயரைச் சொல்லியே போட்டேன். அவருடைய போன் நம்பரையும், குடும்பத்தோடு இருக்கும் படத்தையும் சேர்த்தேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். இப்போது ஸ்டேஷனிலிருந்து போன் செய்து, "கேஸ் போடப்போகிறோம், வந்து மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்கிறார்கள். அரசு அதிகாரியின் முடிவை விமர்சிக்க எனக்கு உரிமை இல்லையா? பதிவை அழித்துவிடட்டுமா?

(அன்று என் தம்பி ஜீப்பை மறித்து நின்றான். ஒரு வனக்காவலரின் வாக்கிடாக்கியைப் பிடுங்கினான். அவனையும் சேர்த்து மிரட்டுகிறார்கள்.)

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

வணக்கம் சகோதரி. கடைசியில் அடைப்புக்குறிக்குள் தம்பியைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் அதுதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டது.

ஸ்டேஷனிலிருந்து வரும் போன் அழைப்புக்குச் சட்டத்தில் பெயர் எதுவும் கிடையாது. உங்கள்மேல் குற்றச்சாட்டு இருந்து விசாரிக்க வேண்டுமென்றால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவில் எழுத்துமூலம் நோட்டீஸ் தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. சாட்சியாக விசாரிப்பதென்றால் 179-ஆம் பிரிவு. அதில் பெண்களை ஸ்டேஷனுக்கு வரவழைக்கக் கூடாது, அவர்கள் இருக்கும் வீட்டுக்குத்தான் போலீஸ் வர வேண்டும். அடுத்த முறை போன் வந்தால் சண்டை போடாதீர்கள். "நோட்டீஸ் அனுப்புங்கள் சார், வக்கீலோடு வருகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். புகார் கொடுத்திருக்கிறார்கள் என்றால் சி.எஸ்.ஆர். (புகார் ரசீது) எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் எழுத்தில் இன்னும் எதுவும் இல்லை என்று அர்த்தம்.

அவதூறு என்பது போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றமில்லை. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். அரசு ஊழியரின் பணி சம்பந்தப்பட்ட அவதூறு என்றால், அரசு அனுமதியோடு அரசு வழக்கறிஞரே செஷன்ஸ் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கும் வழியும் உண்டு. அதற்கு ஆறு மாதக் கெடு. யாராவது "ஐ.டி. ஆக்ட் 66அ" என்று பயமுறுத்தினால், அது 2015 மார்ச் 24-ஆம் தேதியே உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிய பிரிவு என்று சொல்லுங்கள். இத்தனை வருடம் கழித்தும் அது அவ்வப்போது தலைகாட்டுகிறது!

இதைக் கேட்டு நிம்மதியாகிவிட வேண்டாம். நீங்கள் அனுப்பிய பதிவின் அச்சுப் பிரதியை மேசையில் வைத்து, சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தேன். மொத்தம் பதினோரு வாக்கியம். எட்டு வாக்கியங்களில் பென்சில் படவே இல்லை. "பன்னிரண்டு நாள் கூண்டு வைக்காமல் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" என்பதில் தவறில்லை. "இருட்டில் ஊசி போட்டது வடிகட்டின முட்டாள்தனம்" என்பது கடுமையான பேச்சுதான், ஆனாலும் ஒரு முடிவைப் பற்றிய கருத்து, அதையும் விட்டுவிட்டேன். "காசு வாங்கிக்கொண்டு" என்ற இடத்தில் கோடு விழுந்தது. "கொலைகாரன்" என்ற இடத்தில் இன்னொன்று. மூன்றாவது கோடு கடைசி வரியில்: போன் நம்பர், "இவர்கள்தான் அந்தப் பணத்தில் வாழும் குடும்பம்" என்ற வாசகம், அதற்குக் கீழே படம்.

உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில், இருக்கிறது, தாராளமாக. அரசியலமைப்பின் 19(1)(அ) தரும் பேச்சுரிமை அதிகாரிகளைப் புகழ்வதற்கு மட்டும் தரப்பட்டதில்லை. குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறைச் சொல்லும் 356-ஆம் பிரிவிலேயே விதிவிலக்குகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டாவது விதிவிலக்கு உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். அரசு ஊழியர் தன் பொதுக் கடமையில் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியும், அந்த நடத்தையில் வெளிப்படும் அளவுக்கு அவருடைய குணத்தைப் பற்றியும் நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அவதூறாகாது. அதோடு சட்டம் ஒரு துண்டு வார்த்தையையும் சேர்த்திருக்கிறது: "அதற்கு மேல் இல்லை." 1860-இல் எழுதிய பழைய பீனல் கோடிலிருந்து அப்படியே வந்த வாசகம் இது. உங்கள் பதிவின் எட்டு வாக்கியங்கள் இந்தத் துண்டு வார்த்தைக்கு இந்தப்பக்கம், மூன்று அந்தப்பக்கம்.

நல்லெண்ணம் என்றால் மனசு சுத்தமாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கோர்ட்டில் அது எடுபடாது. உரிய கவனமும் அக்கறையும் எடுக்காமல் செய்த எதையும் நல்லெண்ணம் என்று சொல்ல முடியாது என்பதுதான் சட்டத்தின் விளக்கம். ரிசார்ட்காரர்கள் காசு கொடுத்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று குறுக்கு விசாரணையில் கேட்டால், "ஊரில் பேசிக்கொண்டார்கள்" என்பீர்கள். ஊரில் யார் என்று அடுத்த கேள்வி வரும். நான் எதிர்த்தரப்பு வக்கீலாக இருந்தால் அந்த இரண்டு கேள்வியோடு உட்கார்ந்துவிடுவேன். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: அவதூறைக் குற்றமாக வைத்திருப்பதே தவறு என்று தொடர்ந்த வழக்கில், அது செல்லும் என்றுதான் 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு வருடம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டத்தில் சமூக சேவையும் தண்டனையாகச் சேர்ந்திருக்கிறது.

இந்த விஷயத்தில் நம் ஊர் வழக்கு ஒன்றே நாட்டுக்குச் சட்டமாக நிற்கிறது. ஆட்டோ சங்கரை நினைவிருக்கும். மரண தண்டனைக் கைதியாகச் சிறையில் இருந்தபோது அவர் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிட முன்வந்தது. அதில் சில அதிகாரிகளுக்குத் தன்னோடு இருந்த தொடர்பைப் பற்றி அவர் எழுதியிருந்ததாகச் சொல்லப்பட்டது. சிறைத்துறைத் தலைமை அதை வெளியிடக் கூடாது என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அதிகாரிகள் தங்கள் கடமை சம்பந்தமான செயல்களுக்காக, வந்தது தவறான செய்தியாகவே இருந்தாலும், உண்மையைப் பற்றித் துளிக் கவலையுமில்லாமல் எழுதியதென்று நிரூபித்தால் ஒழிய நஷ்ட ஈடு கேட்க முடியாது. வெளியிடும் முன்பே தடுக்கவும் முடியாது. இது தீர்ப்பின் ஒரு பாதி. அடுத்த பாதியைப் பலர் படிப்பதில்லை. குடும்பம், திருமணம், குழந்தைகள் இவையெல்லாம் ஒருவரின் அந்தரங்கம், அவர் சம்மதமில்லாமல் அதைத் தொடக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. உங்கள் பதிவு இந்த இரண்டு பாதியிலும் கால் வைத்திருக்கிறது.

அந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஒருவர் ஞாபகம் வருகிறார். வேட்டைத் தடுப்புக் காவலர், தற்காலிகப் பணியாளர். யானை விரட்டும்போது நடந்த ஒரு தவறுக்கு அவர் படம் ஊரெல்லாம் சுற்றியது. என் அறையில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் அவருடைய போன் இருபது தடவையாவது அடித்திருக்கும். ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்க்காமல் மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பொண்ணு ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை என்றார். அன்றைக்கு வெடி போடச் சொன்ன அதிகாரியின் பெயர் எந்தப் பதிவிலும் வரவில்லை. அவர் படம் யாரிடமும் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

உங்கள் விஷயத்திலும் அப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம். சிறுத்தை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. அந்தச் சட்டத்தின் கண்ணில் கூண்டு வைத்துப் பிடிப்பதுகூட "வேட்டை"தான். வேட்டை என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே பிடித்தலும் பொறி வைத்தலும் வருகின்றன. முதல் அட்டவணை விலங்கை அப்படிப் பிடிக்க, 11-ஆம் பிரிவில் தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் உத்தரவு போட வேண்டும். அவர் சென்னையில் இருப்பவர். உங்கள் ரேஞ்சர் மேலே அறிக்கை அனுப்பலாம், கேமரா மாட்டலாம், பட்டாசு வெடிக்கலாம். உத்தரவு வராமல் கூண்டு வைத்தால் வேலைக்கு உலை. ஆகவே பன்னிரண்டு நாள் தாமதம் அவருடையதா, அறிக்கை கிடந்த மேசையுடையதா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தாமதம் என்பதே சோம்பேறித்தனம் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. மகாராஷ்டிராவில் ஜுன்னர் பகுதியில் இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், ஊர்ப்பக்கம் தென்பட்ட சிறுத்தைகளையெல்லாம் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். மனிதர்கள்மீது தாக்குதல் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான், பிடிப்பது கடைசி வழியாக இருக்கட்டும் என்று மத்திய அரசின் 2011 வழிகாட்டு நெறிமுறை வந்தது. ஆடு பறிகொடுத்தவரிடம் இதைச் சொன்னால் எரிச்சல்தான் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இதைத் தெரிந்துகொண்டு கேட்கும் கேள்விக்கும், தெரியாமல் திட்டுவதற்கும் கோர்ட்டில் மதிப்பு வேறு.

சரி, அன்று சாயங்காலத்துக்கு வருவோம். நீங்களே எழுதுகிறீர்கள், "ஊரே கூடிவிட்டது" என்று. நான் மிருக வைத்தியன் இல்லை. ஆனால் மயக்க ஊசி வழக்குகளை நடத்தியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது: எடையைக் கண்ணால் மதிப்பிட்டுத்தான் மருந்தின் அளவை முடிவு செய்கிறார்கள். மிரண்டு, மூச்சிரைத்துக்கொண்டிருக்கும் விலங்கின் உடம்பில் அதே மருந்து வேறு மாதிரி வேலை செய்யும். சுற்றி நின்று கத்தும் கூட்டமும், போன் வெளிச்சமும், கூரைமேல் ஏறிய பையன்களும் அந்த மருந்தில் ஒரு பங்கு. அதில் நீங்களும் உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் துறையை விடாமல் பிடிக்க வேண்டிய கேள்வியும் இதே இடத்தில்தான் இருக்கிறது. கூட்டத்தைக் கலைக்க, பழைய 144-ஆன இன்றைய 163-ஆம் பிரிவில் தடை உத்தரவு கேட்டார்களா? போலீஸுக்கு எத்தனை மணிக்குத் தகவல் சொன்னார்கள், போலீஸ் எத்தனை மணிக்கு வந்தது? ஊசி போட்டபோது கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருந்தாரா, போன் வழியாகவா? விடியும்வரை கொட்டகையை வலை கட்டிக் காத்திருக்க முடியாமல் போனது ஏன்? வண்டியில் போகும்போது மூச்சையும் உடல் சூட்டையும் பார்த்துக் குறித்தவர் யார்?

இவற்றுக்குப் பதில் காகிதத்தில் இருக்கும். மாவட்ட வன அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். "ஏன் செய்தீர்கள்" என்று கேட்காதீர்கள், "தகவல் இல்லை" என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள்: 11-ஆம் பிரிவு உத்தரவு, அதற்கு ரேஞ்சர் அனுப்பிய அறிக்கைகள் தேதியோடு, மயக்க மருந்துப் பதிவேட்டின் அன்றைய பக்கம், பிரேதப் பரிசோதனை அறிக்கை, துறை எடுத்த வீடியோ. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "விசாரணை நடக்கிறது, தர முடியாது" என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டக்கூடும். விசாரணை நடக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, நகல் கொடுத்தால் அது எப்படிக் கெடும் என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். ஆடு இழந்தவர் என்ற முறையில் நீங்கள் பாதிக்கப்பட்டவர். பாதிக்கப்பட்டவருக்கு முடிவின் காரணத்தைச் சொல்லும் கடமை 4(1)(ஈ) பிரிவில் இருக்கிறது. அதையும் மனுவில் ஒரு வரியாகச் சேருங்கள்.

காகிதத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் என்ன சாதித்தார்கள் என்பதற்கு முதுமலை எம்.டி.டி.-23 புலியே சாட்சி. நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி. 2021-இல் கூடலூர், மசினகுடி பக்கத்தில் ஒரு கூட்டம் அதைச் சுட்டுக் கொல்லச் சொல்லி மறியல் செய்தது, இன்னொரு கூட்டம் கொல்லக் கூடாது என்றது. இரண்டு பக்கமும் வனத்துறையைத்தான் திட்டியது. அக்டோபர் தொடக்கத்தில் துறை வேட்டை உத்தரவு போட்டது. அந்த உத்தரவை எடுத்துக்கொண்டு சிலர் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று தெரிந்தால் ஒழியக் கொல்ல உத்தரவிடக் கூடாது என்று 11-ஆம் பிரிவிலேயே நிபந்தனை இருக்கிறது. எடுத்த எடுப்பில் கொல்ல வேண்டாம் என்று நீதிமன்றம் சொன்னது. அக்டோபர் 15 அன்று புலி உயிரோடு பிடிபட்டு மைசூரு போனது. காட்டில் நாள் கணக்கில் அலைந்து அதைப் பிடித்தவர்களும் அதே வனத்துறைக்காரர்கள்தான்.

இந்த வக்கீல் அதிகாரிகளுக்குப் பரிந்து பேசுகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். வாச்சாத்தியை மறந்தவன் இல்லை நான். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீஸும் வருவாய்த் துறையும் சேர்ந்து அந்த மலைவாழ் மக்களின் ஊரில் மக்களை அடித்ததும் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததும் அரசுத் தரப்பால் மறுக்கப்பட்டன, சொன்னவர்கள் பொய்யர்கள் ஆக்கப்பட்டார்கள். 269 பேர் குற்றம் சாட்டப்பட்டு, வழக்கு நடக்கும்போதே 54 பேர் இறந்து, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29-இல் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல், அதே செப்டம்பர் 29. அந்தப் பெண்கள் வாக்குமூலத்தில் சொன்னது, தாங்கள் கண்டதையும் தங்களுக்கு நடந்ததையும். குறுக்கு விசாரணையில் அது உடையவில்லை. உங்கள் "காசு வாங்கிக்கொண்டு" அந்த வகையில் சேராது என்பதால்தான் இத்தனை சொல்கிறேன்.

இனிப் பதிவை என்ன செய்வது. முழுவதையும் அழிக்காதீர்கள், பயந்துவிட்டீர்கள் என்று ஆகும், நியாயமான எட்டு வாக்கியமும் சேர்ந்து போகும். முதலில் இப்போது இருப்பதைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படத்தையும் நம்பரையும் இன்றைக்கே, இதைப் படித்து முடித்ததும் எடுத்துவிடுங்கள். அந்த மூன்று வாக்கியங்களை நீக்கி, அவை இருந்த இடத்தில் இப்படி எழுதலாம்: "பன்னிரண்டு நாள் கூண்டு வைக்கப்படவில்லை. பிறகு இருட்டில் மயக்க ஊசி செலுத்தப்பட்டது. இது தவறான முடிவு என்பது என் கருத்து. இதற்கு யார் உத்தரவிட்டார்கள் என்று வனத்துறை சொல்ல வேண்டும். முன்பு இங்கே பணம் வாங்கியதாக எழுதியிருந்தேன். அதற்கு என்னிடம் ஆதாரமில்லை, நீக்கிவிட்டேன். குடும்பப் படத்தைப் போட்டதற்கு வருந்துகிறேன்." பதிவைப் பகிர்ந்தவர்களுக்கும் இதை அனுப்புங்கள். ஸ்டேஷனில் அவர்கள் சொல்லச் சொல்ல மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டாம். அந்தத் தாள் நாளைக்கு எந்த வழக்குக் கட்டுக்குள் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

காசு விஷயத்தில் உங்களுக்கு உண்மையிலேயே சந்தேகம் இருந்தால், அதற்கும் கதவு இருக்கிறது. லஞ்ச ஒழிப்புத் துறைக்கோ மேலதிகாரிக்கோ நல்லெண்ணத்தோடு புகார் எழுதினால் அதே 356-இன் எட்டாவது விதிவிலக்கு உங்களைக் காக்கும். நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அரசு ஊழியராக இருந்தால் 1973-ஆம் வருட நடத்தை விதிகள் தனி, அப்படியென்றால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

இப்போது தம்பி. ஜீப்பை மறித்தது ஒரு குற்றம்: நியாய சன்ஹிதாவின் 221-ஆம் பிரிவு, மூன்று மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும், அதற்குச் சம்பந்தப்பட்ட அதிகாரி எழுத்தில் நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும். வாக்கிடாக்கியைப் பிடுங்கியது வேறு. கைகலப்பு நடந்ததாக எழுதிவிட்டால் 132-ஆம் பிரிவுக்குப் போகும். இரண்டு வருடம் வரை சிறை, போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் கிடைப்பது உரிமையில்லை, கோர்ட் பார்த்துத் தர வேண்டும். உங்கள் பதிவுக்கு எஃப்.ஐ.ஆர். போட முடியாதவர்கள் இதற்குப் போடுவார்கள். பேரம் பேச அவர்கள் கையில் இருக்கும் சீட்டு இதுதான் என்பது என் ஊகம், அதனால்தான் மன்னிப்பு எழுதச் சொல்கிறார்கள். ஒரே ஊரில் அக்காவும் தம்பியும் என்றால் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்ப்பார்கள்.

தம்பி இந்த வாரமே உள்ளூரில் கிரிமினல் வழக்கு பார்க்கும் வக்கீல் ஒருவரைப் பார்க்கட்டும். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482-ஆம் பிரிவில் முன்ஜாமீன் மனுப் போட வேண்டுமா, நோட்டீஸ் வரும்வரை காத்திருக்கலாமா என்பதை அவர் முடிவு செய்வார். வாக்கிடாக்கி இன்னும் அவனிடம் இருந்தால், வக்கீல் வழியாக ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு அவன் நண்பர்கள் எடுத்த வீடியோ இருக்கும். அதில் அவன் கை யார்மேல் பட்டது, படவில்லை என்பது தெரியும். பயத்தில் அதை அழித்துவிடப் போகிறான், அழிக்க விடாதீர்கள்.